ரெண்டுவிரல் மாட்டிய மட்கார்டு

வைகைக்குத் தெற்கே எங்கு தேடினாலும், ஒரு சைக்கிளுக்கு ஒரு காரியரும் இரண்டு மட்கார்டும் மாட்டுவதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்ட மனிதர் ரெண்டுவிரல் ஒருவராகத்தான் இருக்க முடியும். அதே மூன்று மாதத்தில் எங்கள் மதுரையில் ஒரு மேம்பாலத்துக்கு நான்கு தூண் எழுப்பிவிட்டார்கள். மேம்பாலமே முந்திக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டுவிரல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அதை யாரும் கூப்பிட்டதில்லை. மனிதர் எதற்கும் இரண்டு விரல் இடம் விடுவார். தண்ணீர்ச் செம்பில் இரண்டு விரல் குறைத்துத்தான் ஊற்றுவார். பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் வைப்பார். டீக்கடைப் பெஞ்சில் பக்கத்து ஆளின் தொடைக்கும் தன் தொடைக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். முதல் தடவை என் தொடையருகே விரல் வந்தபோது நான் எழுந்தே விட்டேன். எங்கள் அலுவலக அதிகாரியின் மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவில்கூட அதே கணக்குத்தான். அதிகாரியின் தொந்திக்கு எட்டு விரலாவது வேண்டும். அவர் வருகிற நாளெல்லாம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். நல்லவேளை, அவருக்கு மூன்று அலுவலகம் பொறுப்பு. எங்களிடம் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார்.

எந்தத் துறை என்று சொன்னால் இப்போதும் மெமோ வரும், அதனால் ஒரு துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐம்பது முடிந்த வாரத்தில் பேரையூர்ப் பக்கம் மாற்றல் போட்டார்கள். பழங்காநத்தத்தில் வீடு. காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஏழு மணிப் பேருந்தில் இரண்டு மணி நேரம் நின்று பேரையூர் போனால், அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் அலுவலகம். அதில் இருந்த முழுநேர ஊழியர்கள் இரண்டே பேர். எழுத்தராக நான், உதவியாளராக ரெண்டுவிரல். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். காம்பவுண்டுக்குள் நான் அவருக்கு சார். கேட்டைத் தாண்டினால் அண்ணன். நானும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். யார் யாருக்கு அண்ணன் என்று மதுரைப் பக்கம் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

வீடு திரும்ப இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். மனைவிக்கு முழங்கால் தேய்மானம். கதவைத் திறக்க அவள் எழுந்து வருவதற்குள் நான் வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு தூக்கம் போட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் செத்த பிணமாகக் கிடப்பேன்.

"ஒருநாளாச்சும் வெளிச்சம் இருக்கையில வீட்டுக்கு வாங்களேன்" என்றாள் ஒருமுறை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதம் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அந்த வாரமே மதுரைக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டேன். அதற்கப்புறம் மூன்று வருடம் மனுப் போட்டேன்.

பேரையூரிலிருந்து அலுவலகத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோ நின்றுபோனதும், சென்னையில் இருக்கும் மச்சினன் ஒரு கியர் சைக்கிள் வாங்கி அனுப்பிவைத்தான். சர்க்கரைக்கும் நல்லதாம். அதைப் பேருந்து நிலையத்தின் சைக்கிள் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, காலையிலும் மாலையிலும் ஆறு ஆறு கிலோமீட்டர் மிதித்தேன். இருபத்தொரு கியர் இருந்தது. மட்கார்டு இல்லை, காரியர் இல்லை. இருபத்தொன்றில் நான் உபயோகித்தது ஒன்று.

அந்தப் பக்கம் கரிசல் பூமி. முதல் மழையிலேயே பின்சக்கரம் என் வெள்ளைச் சட்டையில் இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரு கறுப்புக் கோடு இழுத்துவிட்டது. டிபன் பையை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன். அது ஆடிய ஆட்டத்தில் சாம்பார் முழுவதும் கூட வைத்திருந்த அலுவலகக் கோப்புக்குள் போய்விட்டது. டீக்கடைக்காரர் என் முதுகைப் பார்த்துவிட்டு, "சார், எல்லாரும் நெத்தியில போடுவாக. நீங்க முதுகுல நாமம் போட்டிருக்கீங்களே" என்றார்.

ரெண்டுவிரல் சைக்கிளை மூன்று முறை சுற்றி வந்தார்.

"என்ன சார் இது, அம்மணமா நிக்குது?"

"மட்கார்டும் காரியரும் போடணும். பேரையூர்ல கடையில குடுத்துடலாம்னு இருக்கேன்."

"கடையிலயா? அவன் டயரோட ஒட்ட வச்சுப்புடுவான் சார். நாந்தேன் மாட்டுவேன். ரெண்டு நாள் வேலை."

அசதியில் இருப்பவன் யார் எதைச் சொன்னாலும் சரி என்பான். நானும் சரி என்றேன்.

அவர் முதலில் கொண்டுவந்தது காரியர். பால்காரர் ஒருவர் மொபெட் வாங்கியதும் தூக்கிப் போட்டது அது. இரண்டு பக்கமும் கேன் தொங்கவிடும் கொக்கியோடு, என் சைக்கிளைவிடக் கனமாக இருந்தது. மாட்டுவதற்கு சைக்கிளில் ஓட்டை இல்லை என்றதும், தண்ணீர்க் குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்புகள் நான்கைக் கொண்டுவந்து இறுக்கினார். பிறகு என்னை ஏறி மிதிக்கச் சொல்லி, என் குதிகாலுக்கும் காரியரில் தொங்கிய பைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றரை. கழற்றினார். காரியரைப் பின்னால் தள்ளி மறுபடி மாட்டினார். அதற்கே பத்து நாள் ஆயிற்று.

"என் டிபன் பாக்ஸுக்கு இம்புட்டுப் பெரிய காரியர் எதுக்குண்ணே?"

"இன்னைக்கு டிபன் பாக்ஸு. நாளைக்கு ஆளு ஒக்காருவாங்கள்ல?"

ஆள் உட்கார்ந்தால் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதலில் ஒரு மூட்டை பருத்திக்கொட்டையை ஏற்றி ஓட்டச் சொன்னார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தார். அலுவலக வளாகத்துக்குள் வேப்பமரத்தைச் சுற்றி அவரை வைத்து மிதித்தேன். மூன்றாவது சுற்றில் கேட்டுக்குள் ஜீப் நுழைந்தது. அதிகாரி இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நான் பிரேக் பிடித்துக் குதித்துவிட்டேன். ரெண்டுவிரல் இறங்கவில்லை. காரியரில் உட்கார்ந்தபடியே வணக்கம் வைத்து, "சோதனை ஓட்டம் சார்" என்றார். அந்த மெமோவுக்கு நான் எழுதிய விளக்கம் இரண்டு பக்கம்.

காரியர் பரவாயில்லை என்று சொல்ல வைத்தது மட்கார்டு. பழைய இரும்புக் கடையிலிருந்து, பெரிய சக்கர சைக்கிளுக்கு உரிய இரண்டு தகர மட்கார்டுகளைப் பிடித்து வந்தார். என் சக்கரம் அதைவிடச் சிறியது. "அதான் வேணும், எடம் தானா வந்துரும்" என்றார். வேலை மதிய உணவு நேரத்தில் மட்டும். ஒன்றே முக்காலுக்குச் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுப்பார். சரியாக இரண்டு மணி அடித்ததும் பாதி திருகிய நட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

"அண்ணே, அந்த ஒரு நட்ட மட்டும் முடிச்சிரலாமே."

"அரசாங்க நேரத்துல சொந்த வேலை கூடாது சார்."

செய்ய வேறு வேலை இருந்ததா என்றால், இல்லை. ஐந்து மணி வரை நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்த நட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மறுநாள் நட்டை முடிப்பார். டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் விரல் போகும். மேலே இரண்டு, பின்னால் இரண்டு, கீழே ஒன்றே முக்கால். "ம்ஹூம்" என்று எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். மட்கார்டைத் தாங்கும் ஸ்டே கம்பியை வளைப்பார், நிமிர்த்துவார், வாஷர் வைப்பார், எடுப்பார். என் இரண்டு விரலை வைத்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். அவருடைய இரண்டு விரல் என்பது என்னுடைய மூன்றரை விரல். "உங்க விரல் பேனா புடிக்கிற விரல் சார், அளவுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

எது மாட்டியிருக்கிறதோ அதோடு நான் பேரையூருக்கு மிதிப்பேன். ஒருநாள் முன்னால் மட்டும் மட்கார்டு. ஒருநாள் வெறும் கம்பிகள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு. ஒருநாள் இரண்டு மட்கார்டையும் காரியரில் கட்டிக்கொண்டு போனபோது, வழியில் ஓர் அம்மா ஓட்டைக் குடத்தோடு ஓடிவந்து மறித்தார். "ஏப்பா, பேரீச்சம்பழம் நல்ல பழமா இருக்கா?" நான் அரசாங்க ஊழியர் என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப பழம் கெடையாதா?" என்று திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்.

ஆடியில் ஆரம்பித்தது புரட்டாசியில் முடிந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கி, என்னிடம் ஒப்படைத்தார். முன்னும் பின்னும் சக்கரங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றன. மேட்டிலும் பள்ளத்திலும் அவை லொடலொடவென்று போட்ட சத்தத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன. பேரையூர் ஸ்டாண்டில் "குடை சைக்கிள் வந்துருச்சு மாப்ள, கதவத் திற" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் பொறுத்தேன். ஏற்கெனவே நொந்து கிடப்பவனுக்கு இந்தச் சிரிப்பு வேறு. ஒரு சனிக்கிழமை பேரையூர்க் கடையில் விட்டு, முன் மட்கார்டை மட்டும் இறக்கி வைக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. டயரை ஒட்டி, சத்தமில்லாமல், பார்க்க லட்சணமாக இருந்தது. பின்னால் இருப்பதைத் திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றார் கடைக்காரர்.

திங்கட்கிழமை காலை ரெண்டுவிரல் முன்சக்கரத்தருகே குனிந்தார். விரலை வைத்துப் பார்த்தார். நகம் மட்டும்தான் போயிற்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மூன்று மாதத்தையும் எடுத்துச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லாருக்கு சார்" என்றார்.

அன்று மாலை கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனோம். "டீ சொல்லட்டா சார்?" என்று கேட்டார். கேட்டுக்கு வெளியே அவர் வாயிலிருந்து சார் வந்தது அதுதான் முதல் தடவை. மறுநாளும் சார். அதற்கு அடுத்த நாளும் சார். ஒருவர் மரியாதை கொடுத்ததற்காக, ஐம்பது வயதுக்கு மேல் நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பின் மட்கார்டைக் கடையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முன்னதைப் பழையபடி தூக்கி வைக்கச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை.

மாற்றல் கலந்தாய்வு எப்போதும் வெயில் காலத்தில் நடக்கும். அந்த வருடம் என்ன காரணத்தாலோ ஐப்பசிக்குத் தள்ளிவிட்டார்கள். அடைமழையில் ஒருநாள், காலை பத்தரை மணிக்குக் கைப்பேசியில் செய்தி வந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மதுரையில் நேரில் ஆஜராக வேண்டும். பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். இல்லையென்றால் அடுத்த வருடம்தான். பேரையூரிலிருந்து பன்னிரண்டரைப் பேருந்தைப் பிடித்தால் சரியாக இருக்கும். அதை விட்டால் அடுத்தது இரண்டு மணிக்கு.

"போய்ட்டு வாங்க சார்" என்றார் ரெண்டுவிரல். அவர் பார்வை முன்சக்கரத்தின் மேல் இருந்தது. பதினொன்றுக்குக் கிளம்பினேன்.

குடிதண்ணீர்க் குழாய் பதிக்கிறேன் என்று அந்தச் சாலையை முழுவதும் தோண்டிப் போட்டிருந்தார்கள். தாருக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த கரிசல் எல்லாம் மேலே வந்து, இரண்டு நாள் மழையில் ஊறிக் கிடந்தது. அந்த இரண்டு நாளும் ஒரு டிராக்டர்காரர்தான் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்தார், அந்த நேரத்துக்கு அவர் இல்லை. நனைந்த கரிசல் காலைப் பிடித்தால் செருப்பை வாங்காமல் விடாது. ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்கமாட்டேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி, முன்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. குச்சியை ஒடித்துக் குத்தி எடுத்தேன். பத்தடி உருண்டது, மறுபடி நின்றது. குத்தினேன், உருண்டது, நின்றது. பின்சக்கரம் மட்டும் அந்த அகலமான குடைக்குள் மண்ணைக் கட்டி கட்டியாகக் கழித்துப் போட்டுக்கொண்டு சுகமாகச் சுற்றியது.

தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால் பால்காரர் காரியர் இருக்கிறது. நடந்தே ஓடலாம் என்றால் ஐந்து கிலோமீட்டர் சேற்றை என் வயது தாண்டாது. மணி பதினொன்று முப்பத்தைந்து. வரப்போரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்தேன். இன்னொரு வருடம் ஐந்து மணி அலாரம். இன்னொரு வருடம் வாசலில் நின்றபடி தூக்கம். அவள் கேட்டது ஒரே ஒரு சாயங்காலம். அழுதேன். மழை பெய்ததால் அதில் ஒன்றும் வெட்கமில்லை.

"அண்ணே!"

வரப்பு வழியாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரெண்டுவிரல் வந்துகொண்டிருந்தார். இன்னொரு கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

"ஆபீசு?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குள்ளிருந்த எழுத்தர் அதைத்தான் கேட்டான்.

"பூட்டிட்டு வாரேன். முன்சக்கரம் ஒரு கிலோமீட்டர் தாங்காதுன்னு தெரியும்ணே."

"அப்ப கெளம்பும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஆசப்பட்டு வச்சீங்க. அதப் போயி எப்பிடிக் கழட்டுங்கன்னு சொல்றது?"

சொல்லிக்கொண்டே சேற்றில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். சரியாகப் பதினொன்றே முக்கால். அரசாங்க நேரம். மூன்று மாதம் எடுத்து மாட்டியவர் மூன்று நிமிடத்தில் கழற்றினார். மட்கார்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்து, பின்னாலிருந்து காரியரைப் பிடித்துக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே ஓடிவந்தார்.

"மிதிங்கண்ணே! நிக்காதீங்க!"

முன்சக்கரத்திலிருந்து வந்த சேறு முழுவதும் என் முகத்தில். வாயைத் திறந்தால் கரிசல். மூடிக்கொண்டு மிதித்தேன். பேருந்து நகர ஆரம்பித்த பிறகு ஓடி ஏறினேன். கலந்தாய்வில் என் பெயரை இரண்டாவது முறை கூப்பிட்டபோது உள்ளே நுழைந்தேன். நெற்றி முதல் தொப்புள் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மையார் என்னையும், எதிரே துணி உறை போட்டிருந்த நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க... நின்னுக்கிட்டே சொல்லுங்க, எந்த ஊர் வேணும்?" மதுரை என்றேன். நான் உட்கார்ந்துவிடுவதற்கு முன்னால் ஆணையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். மழை விட்டு நல்ல மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்த என் மனைவி, "யாரு வேணும்?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் பணியிலிருந்து விடுவித்தார்கள். பிரிவு உபசாரத்தன்று ரெண்டுவிரல் விடுப்பில் போய்விட்டார். தலைவலியாம். இருபது வருட சர்வீஸில் அவர் போட்ட முதல் தலைவலி அது என்று டீக்கடைக்காரர் சொன்னார். சைக்கிளை ஒரு வெங்காய லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் மணி அடித்தது. கழுவித் துடைத்த மட்கார்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரெண்டுவிரல் நின்றார். பேருந்தில் பக்கத்து ஆளை அது குத்திவிடக்கூடாது என்று பேரையூரிலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

"மதுரையில தார் ரோடுண்ணே, கரிசல் எங்க இருக்கு?" என்றேன்.

"ரோட்ட எப்பத் தோண்டுவாய்ங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். எங்கள் தெருவையே அப்போது தோண்டித்தான் போட்டிருந்தார்கள்.

மாட்டி முடிக்க மாலை ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, "போதும் மதினி, வயித்துல ரெண்டு விரல் எடம் இருக்கட்டும்" என்றார். ஆனால் மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டார். பழங்காநத்தம் நிறுத்தத்துக்கு வழியனுப்பப் போனேன். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"என் எடத்துக்கு ஆள் வந்துட்டாராண்ணே?"

"வந்துட்டாரு. கார்ல வாராரு." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அதுக்கு மட்கார்டெல்லாம் கம்பெனியிலேயே வச்சுக் குடுத்துர்றாங்க."

பேருந்து வரத் தாமதமாயிற்று. வெளிச்சம் இன்னும் இருந்தது. பெஞ்சு நீளமானது, எங்களைத் தவிர யாரும் இல்லை. அவர் தொடைக்கும் என் தொடைக்கும் நடுவில் ஒரு விரல்கூடப் போகாது.